உம்மாவின் பத்தியம்

கிளிவெட்டிப் பக்கம் வயலில் குந்தியிருந்து களை பிடுங்கிய பெண்களுக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் முழங்கால் நோகத் தொடங்கிவிடும். தமிழ்ப் பெண்ணென்ன, முஸ்லிம் பெண்ணென்ன, 'வாதம்' என்ற ஒரே சொல்லில் எல்லோரும் அதை முடித்துவிடுவார்கள்.

என் உம்மாவுக்கும் அந்த வாதம் வந்தது. நோவை விட, சுஜூது செய்ய முடியவில்லையே என்பதுதான் அவருக்குப் பெருங்கவலை. நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம் என்ற நபிமொழி அவருக்குத் தெரியும். ஆனாலும் நெற்றி நிலத்தில் படாத தொழுகையில் அவர் மனம் ஆறவில்லை.

பார்க்க வந்தவர்களெல்லாம் பத்தியம் சொன்னார்கள். மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்பு வாயு. மிஞ்சியவை வெள்ளைச் சோறும் சீனித் தேநீரும். ஒரு வருடத்தில் தொடை மெலிந்தது, வயிறு பருத்தது, நோவும் கூடியது.

முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதற்குப் புரதம் வேண்டும். மூட்டுத் தேய்வில் குருத்தெலும்பு சிதைய, மூட்டின் உட்சவ்வு அழற்சியுறுகிறது. அந்த அழற்சி குருத்தெலும்பை மேலும் அரிக்கிறது. உடற்கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் கலக்கிறது.

2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பருத்த உடலும் முழங்கால் தேய்வும் உள்ள 454 பேர் 18 மாதங்கள் கவனிக்கப்பட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களை விட நோ குறைந்தது. காசைக் கொட்டி வாங்கும் குளுக்கோசமினோ, 2006இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தத்தில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை.

உம்மாவின் பீங்கானில் சோற்றைப் பாதியாக்கினோம். சூடை மீன், முட்டை, பயறு, முருங்கைக்கீரை திரும்பி வந்தன. சீனி போனது. கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்கப் பழகினார். ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. இப்போது பிடிமானமில்லாமல் படியேறுகிறார். தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடவில்லை. சுஜூதுக்கு இன்னமும் கதிரைதான். ஆனால் நிலையில் நின்றே ஓதுகிறார்.

நம் வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். அந்நேரம் சட்டியில் சோறு மிஞ்சும், மீன் மிஞ்சாது. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு என்ற நபிவழியைப் பேசும் நாம், அந்தப் பங்கில் அவர்களுக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை. பத்தியத்தின் பெயரால் இருக்கும் ஒரு துண்டு மீனையும் எடுத்துவிட வேண்டாம்.