வீட்டில் பார்த்த படங்கள்: சில அபிப்பிராயங்கள்

தியேட்டர் இருட்டு மோசமான படத்துக்கும் ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிடுகிறது. காசு கொடுத்தாயிற்று, எழுந்துபோக மனம் வராது, எதிரே நம்மைவிடப் பத்து மடங்கு பெரிய முகம். வீட்டில் இந்தச் சலுகைகள் கிடையாது. குக்கர் விசிலடிக்கும், பால்காரர் கூப்பிடுவார். இவற்றையும் மீறி ஒரு படம் நம்மை உட்கார வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்குத் தொலைக்காட்சி முதலில் கடல் தாண்டித்தான் வந்தது. 1982-ல் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு, தூத்துக்குடிக் கரையை ஒட்டி வசதியுள்ளவர்கள் மாடியில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். சிங்களம் புரியாது. புள்ளிகளுக்கிடையே முகங்கள் அசையும். பேச்சை விட்டுவிட்டு முகத்தையும் கையையும் கவனிக்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1987-ல் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் டெல்லி வீட்டுக்குள் புகுந்தது. ஞாயிறு காலை ராமாயணத்துக்குத் தெருவே கூடும். ஹிந்தி யாருக்கும் தெரியாது, கதை தெரியும், போதும். மத்தியானம் மாநில மொழிப் படம். அதற்கு நான் மட்டும் மிஞ்சுவேன்.

அடூரின் ‘எலிப்பத்தாய’த்தை (1981) அப்படித்தான் பார்த்தேன். எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு தங்கை குளத்துக்குப் போகிற காட்சி சின்னத் திரையில் சுருங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அழுகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருந்தது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இன்னும் கிட்டத்தில் வந்தது. பாதி எழும்பிய சுவர்களுக்கிடையே சொக்கலிங்க பாகவதர் தடவித் தடவி நடப்பதைப் பார்த்தபோது கூடத்தில் பேச்சு நின்றது. அந்தக் கிழவர் நடிக்கவில்லை, சிமெண்டின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அதே மனிதர் பிற்பாடு சன் டிவியில் செய்த ‘கதை நேரம்’ எனக்கு ஏமாற்றம். வாரம் ஒரு சிறுகதை என்ற அவசரத்தில் கதையின் சம்பவம் வந்தது, கதை வரவில்லை. நம் எழுத்தாளர்களின் பெயரைத் திரையில் பார்த்த சந்தோஷத்தில் பலர் இதைச் சொல்லாமல் விட்டார்கள்.

‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) விஷயம் வேறு. தேசிய விருது வாங்கிய படம். 1989-ல் ஒளிபரப்புவதாக அறிவித்த தூர்தர்ஷன் எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்திவிட்டது. பல வருஷம் கழித்து, தேய்ந்த பிரதியொன்றில்தான் எனக்குக் கிடைத்தது. வெங்கட் சாமிநாதனின் திரைக்கதை என்பதால் நம்மிடையே படத்தைக் குறை சொல்லத் தயக்கம் உண்டு. அக்ரஹாரத்தைக் கேலி செய்யும் இடங்கள் பலவீனமானவை என்பதே என் எண்ணம். கேலிக்குரியவர்கள் ஏற்கெனவே கேலிச் சித்திரங்களாக வந்து நிற்கிறார்கள். ஊமைப் பெண்ணும் கழுதையும் மட்டும் இருக்கும்போது ஜான் ஆபிரகாம் விழித்துக்கொள்கிறார். அந்த நிமிஷங்களுக்காகப் படத்தை எத்தனை தடவையும் பார்க்கலாம்.

இன்றைய தொடர்களில் ‘சுழல்’ பார்த்தேன். இரண்டாம் பருவம் (2025) எங்கள் குலசேகரன்பட்டினம் தசராவை ஞாபகப்படுத்தும் ஒரு காளி விழாவைச் சுற்றி நடக்கிறது. வேஷம் கட்டுகிறவன் விரதமிருந்து வீடு வீடாகக் காணிக்கை கேட்டு நிற்பதில் இருக்கிற பயம், கூச்சம், ஆங்காரம் எதுவும் அதில் இல்லை. கொலைகாரர் யார் என்ற கேள்விக்கு விழா ஒரு ஜிகினாத் திரை. விறுவிறுப்பாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

காமிராக்கள் எங்கள் ஊருக்கு வருவது தாழிகளுக்காக. 1876-ல் யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. இப்போது பரம்பில் குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், செய்திக்காரர்கள் அதன்மேல் நின்று பேசுகிறார்கள். பக்கத்தில் வாழைத்தோட்டத்தில் தார் சுமக்கிறவர்கள் படத்தில் விழுவதில்லை. பக்கத்து ஊரான புளியங்குளத்து மாரி செல்வராஜ் ‘வாழை’யில் (2024) அவர்களைக் காட்டினார். அது கைபேசி வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது எதிர்வீட்டு ஆச்சி பார்க்க வந்திருந்தாள். கலியாணத்துக்கு முன்பிருந்தே தார் சுமந்தவள்.

சகதியில் கால் புதைய ஆட்கள் நடக்கிற காட்சியில், “தார் தலையிலன்னா இருக்குன்னு நெனைக்கே? கனம் கழுத்துலல்லா இருக்கு” என்றாள். அந்தப் பையனின் கழுத்தைப் பார்த்தேன். மாரி செல்வராஜ் அதை அறிந்தே படமாக்கியிருக்கிறார். விமர்சனம் எழுதிய யாரும், நான் உட்பட, கழுத்தைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். படத்தில் எனக்கு ஆட்சேபணைகள் உண்டு. டீச்சர் வரும் இடங்களில் இனிப்பு கூடுதல். லாரி கவிழ்ந்தபின் இசை நம்மை அழு அழு என்று நெருக்குகிறது. சாவு வீட்டின் சத்தத்தை அப்படியே விட்டிருந்தால் போதும். ஆனால் பசியோடு ஓடிவந்த பிள்ளைக்குச் சோறு போடாமல்போன தாயின் முகத்தில் இருப்பது இசையால் வந்ததல்ல.

அந்த இடத்தில் ஆச்சி எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டாள். தியேட்டராக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நெடுநேரம். என் ஆட்சேபணைகளை விட்டுவிட அது காரணமாகாது, இசை கூடுதல்தான். அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்னை.

நாலைந்து நாள் கழித்து வந்தாள். மறுபடி போடச் சொன்னாள். கடைசி அரைமணி வேண்டாமாம். அந்த டீச்சர் சிரிக்கிற இடம் வரைக்கும் போதுமாம். அதுவரை போட்டேன்.