ஒயிட் போய் நிற்கும் இடம்

வடபழனிப் பக்கம், கடைகளுக்குக் கீழே உள்ள ஒரு பூல் கூடம். சாயங்காலம்தான் கூட்டம் சேரும். மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு மேசையின் மேல் மட்டும் விளக்கு எரிகிறது.

கல்லூரிப் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அந்தப் பெண் குனிந்திருக்கிறாள். மூலைப் பாக்கெட்டிலிருந்து இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் சிவப்பு, மூன்றாம் நம்பர். ஒயிட், அதாவது கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து, அதற்கு நேர்க்கோட்டில் இல்லை, ஒருபக்கமாக விலகி நிற்கிறது. அடிக்கிறாள். சிவப்பு பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் குஷனில் இடித்துத் திரும்புகிறது. எடுத்து வைத்து மறுபடி அடிக்கிறாள். அதே குஷன், கிட்டத்தட்ட அதே இடம்.

கை ஆடினால் பந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் ஓடும். இவளுக்கு ஒரே பக்கமாகத்தான் தவறுகிறது. கை நன்றாக இருக்கிறது, கண் பார்க்கும் இடம்தான் சரியில்லை.

பக்கத்து மேசையைப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்த மார்க்கரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். காதோரம் நரைத்தவர், சட்டைப் பையில் நீலச் சாக். பில்லியர்ட்ஸ் அறைகளில் புள்ளி குறிக்க நின்றவர்களின் பெயர் இன்றும் இவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்நூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிறந்ததையும், அதன் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டதையும் எல்லோரும் சொல்வார்கள். அந்த அறைகளில் புள்ளி குறித்தவர்கள் ஒருவரின் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

"எங்கம்மா பாக்குற?"

"செவப்புல ஒயிட் படவேண்டிய எடத்த, அண்ணா." சிவப்பின் முதுகில், பாக்கெட்டுக்கு நேர் எதிரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுக் காட்டுகிறாள்.

பட வேண்டிய இடம் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒயிட் ஒரு புள்ளி இல்லையே. அது 57 மில்லிமீட்டர் அகலமுள்ள உருண்டை. நடுவை அந்தப் புள்ளிக்குக் குறிவைத்து அனுப்பினால், நடு போய்ச் சேரும் முன்பே அதன் பக்கவாட்டு சிவப்பில் முட்டிவிடும். மோதல் தடித்துப்போகும், சிவப்பு போதுமான அளவு விலகாது.

மார்க்கர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. தட்டிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துச் சிவப்பின் முதுகோடு ஒட்டி வைக்கிறார். குனிந்து ஒரு கண்ணை மூடி, இரண்டு பந்தும் பாக்கெட்டும் ஒரே கோட்டில் வரும்வரை நகத்தால் தள்ளுகிறார். "ஒயிட் வந்து மோதும்போது இங்கதான் நிக்கும். நல்லா பாத்துக்க." பஸ் டிக்கெட்டின் ஓரத்தைக் கிள்ளுகிறார். பந்தைத் தூக்கி, அது உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தத் துணுக்கை வைக்கிறார். பச்சைத் துணியில் அரிசியளவு வெள்ளை. "செவப்ப மறந்துரு. ஒயிட்ட இந்தப் பேப்பர் மேல உருட்டு, போதும்."

குனிகிறாள். தாடை கியூவைத் தொடுகிறது. கேரம் ஆடிப் பழகிய கண்ணுக்கு இதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். அங்கே பலகை முழுக்க மேலிருந்து தெரியும். இங்கே முகத்தைத் தாழ்த்தியதும் தூரமெல்லாம் சுருங்கி, கோணம் கண்ணிலிருந்து நழுவிவிடும். அதனால் நின்றபடியே கோட்டை முடிவு செய்துகொண்டு, அந்தக் கோட்டிலேயே உடம்பை இறக்க வேண்டும். அவளோ முதலில் படுத்துவிட்டுப் பிறகு தேடுகிறாள். மார்க்கர் கியூவின் பின்முனையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"நின்னு பாத்துட்டு எறங்கு மா."

எழுந்து நின்று பார்க்கிறாள். இறங்குகிறாள். ஒயிட் துணுக்கின் மேல் ஓடுகிறது, டக்கென்று ஒரு சத்தம். சிவப்பு ஓரம் தொடாமல் பாக்கெட்டில் விழுகிறது. சிரிக்கக்கூட இல்லை, ஓடிப்போய் அதை எடுத்து வைக்கிறாள். மறுபடியும் விழுகிறது.

மார்க்கர் துணுக்கை எடுத்துவிடுகிறார்.

"அண்ணா, இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே!"

"இப்பதான ஒரு பால் வச்சிருந்தேன். அது அங்கயே இருக்குதுன்னு நெனச்சுக்க." பிறகு இரக்கப்பட்டவர்போல ஒரு பிடியும் தருகிறார். இந்தக் கோணத்துக்கு ஒயிட்டின் நடு சிவப்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும், ஹாஃப் பால். உண்மையிலேயே பெரிய பிடி அது. பாதிப் பந்து மறையும்படி மோதினால் சிவப்பு ஏறக்குறைய 30 பாகை விலகும். விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற ஒன்று, அதனால் தைரியம் வரும். மற்ற கோணங்களுக்கு அப்படி ஒரு சௌகரியம் கிடையாது. அங்கெல்லாம் அந்த இல்லாத பந்தைத்தான் நம்பியாக வேண்டும்.

முதல் அடி தவறுகிறது, ஆனால் குஷனில் இடித்த இடம் பாக்கெட்டுக்கு நெருங்கி வந்திருக்கிறது. அடுத்தது உதட்டில் ஆடி வெளியே நின்றுவிடுகிறது. அதற்கடுத்து இறங்கும்போது அவள் பார்வை சிவப்பின் முதுகுக்குச் சற்றுப் பின்னால், வெறும் துணியில் நிலைத்திருக்கிறது. சிவப்பு உள்ளே.

"விழுந்துச்சு, அண்ணா!"

மார்க்கர் ஒயிட்டைக் கைகாட்டுகிறார். அது மெதுவாகக் குஷனில் பட்டு, மேசையைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க நடுப் பாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

"ஃபவுல். எடுத்து வைம்மா, அத எப்படி நிறுத்துறதுன்னு பாப்போம்."