டப்பாவின் பின்பக்கம்

முகத்தில் பூசும் எதை வாங்கினாலும் முதலில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. முன்பக்கத்தில் குங்குமப்பூவும் கற்றாழையும் பாதாமும் படமாக இருக்கும். உள்ளே இருப்பவற்றின் பெயர்களோ, கண்ணைச் சுருக்கிப் படிக்கும்படி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். உறவில் கல்யாணம் வைத்தால் “இதைப் போடலாமா பாரேன்” என்று யாராவது ஒரு டப்பாவைக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பொடி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

அந்தப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். பெரும்பாலான க்ரீம்களில் முதல் பெயர் தண்ணீர். 1 சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் இருக்கலாம். அந்த 1 சதவீத எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் ஃபீனாக்சிஎத்தனால். க்ரீம் கெட்டுப்போகாமலிருக்கச் சேர்ப்பது அது; அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 1 சதவீதம். ஆகவே அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்துக் குங்குமப்பூவைப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பார்க்கிறேன். குறைவாக இருப்பதெல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ரெட்டினால் 1 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே வேலை செய்யும். (கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.) குங்குமப்பூவுக்கு அப்படியொரு பலம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தோல் வறட்சிக்கு வாங்குவோரிடம் நான் விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம் என்றே சொல்வேன். தண்ணீரை ஈர்த்துப் பிடிக்க ஒன்று வேண்டும், பிடித்த தண்ணீர் ஆவியாகாமல் மேலே மூட ஒன்று வேண்டும். முதல் வேலையைக் கிளிசரின் செய்யும். இரண்டாவதைச் செய்ய, ராபர்ட் செஸ்ப்ரோ 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலினை மிஞ்சுவது கடினம். இரண்டும் மலிவு. இன்று பேர்பெற்றிருக்கும் ஹையலூரோனிக் அமிலமும் ஈரம் பிடிப்பதுதான். மூலக்கூறு பெரிதாக இருந்தால் தோலின் மேலேயே தங்கிவிடும். பித்தவெடிப்புக்கு இவற்றைவிட யூரியா நல்லது. 10 சதவீதத்தில் ஈரம் தரும், 20-க்கு மேல் போனால் தடித்த தோலையே இளக்கும். தேங்காய் எண்ணெயை நான் கைகால்களுக்குத் தயங்காமல் சொல்வேன், பரு வரும் முகத்துக்குச் சொல்ல மாட்டேன்.

நியாசினமைடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இது பி3 வைட்டமினின் ஒரு வடிவம். தோலின் மேலடுக்கைப் பலப்படுத்தும், எண்ணெய் வழிவதைக் குறைக்கும், நிறமி மேல் செல்களுக்குப் போய்ச் சேர்வதை ஓரளவு தடுக்கும். கரும்புள்ளியும், மங்கு என்னும் முகக் கருந்திட்டும் கொஞ்சம் மட்டுப்படும். இதை முக்கியச் சேர்மானமாக வைத்துத்தான் 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. நல்ல, சாதுவான ஒரு மருந்துப் பொருள் ‘சிவப்பழகு’ என்ற பேரில் வீடு வீடாக நுழைந்தது. மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2020-ல் அந்தப் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. இன்று அதே நியாசினமைடு, 10 சதவீத சீரமாகக் கல்லூரிப் பிள்ளைகள் கைக்குப் போகிறது. ஆய்வுகளில் பலன் காட்டியது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்தில்தான். அதற்கு மேலே போனால் சிலருக்கு எரிச்சல் வரும். பிறந்த நிறத்தை மாற்றும் வேலை இதற்கு எந்த அளவிலும் கிடையாது. அதை நம்பி வளர்ந்த பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பொறுப்பதில்லை.

மங்குக்கு எதை வாங்குவது என்று கேட்கும் அக்காக்களிடம் முதலில் சன்ஸ்க்ரீனைத்தான் சொல்கிறேன். அதிலும் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வருவது. மங்கைக் கூட்டுவதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. வெள்ளையாக வரும் சன்ஸ்க்ரீன்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மங்கு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் எடுத்துத் தரும் சின்ன டியூபைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். ஃபேர் அண்ட் லவ்லி வந்த அதே 1975-ல், அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆல்பர்ட் கிளிக்மனும் வில்லிஸும் மங்குக்காக மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்த முறையை வெளியிட்டார்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்க, சில வாரங்களுக்குப் பூச வேண்டிய மருந்து. இங்கே அதன் மாற்று வடிவம், மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்து, முகம் வெளுக்க வைக்கும் க்ரீமாகவே கைமாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ப்யூட்டி பார்லரில் தந்தார்கள் என்று வருடக்கணக்கில் பூசுகிறார்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளும் அப்படியே. படர்தாமரைக்கு இவற்றைத் தடவி, அரிப்பு அடங்கிய ஆறுதலில் இருக்கும்போதே பூஞ்சை பரவியவர்களும் நிறையப் பேர்.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும். அதனால் முதல் வாரத்தில் முகம் பளிச்சென்று தெரியும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து உள்ளிருக்கும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும், அடுப்படிச் சூடே தாங்காது. நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். மறுபடி பூசினால் அடங்கும். க்ரீம் இல்லாததால்தான் எரிகிறது என்று அவர்கள் நம்புவதில் என்ன தவறு? 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் மத்திய அரசு சேர்த்தது. டியூபில் சிவப்புக் கோடும் போட்டிருக்கும். அதன் அர்த்தம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமே! எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எதுவுமே எழுதாத டப்பாக்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்கலாம். அது நிறமி உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே உடம்புக்குள்ளும் போகும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே, சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று கண்டு எழுதினார்கள். தயாரித்தவர் முகவரியோ உரிம எண்ணோ சேர்மானப் பட்டியலோ இல்லாததைக் கையில் வாங்கவே கூடாது. நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும், அது தங்கத்தோடு ஒட்டும்.

ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாதம் பூசியவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தித் தவிக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தோல் தேற மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலும் தேறும். போகும்போது பழைய டியூபையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப்போங்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம் என்று அதைப் பார்த்துத்தான் மருத்துவர் எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று முடிவு செய்வார்.