என்பிடெல்லும் விடை வீடியோக்களும்

2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய இலவச வீடியோ பாடத் திட்டம்தான் என்பிடெல். அதன் பழைய வீடியோக்களை மட்டும் நம்பி, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதியவர்கள் எத்தனையோ பேர். சின்ன ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கும் ஐஐடி பேராசிரியர் காசு வாங்காமல் பாடம் நடத்தினார். லேசுப்பட்ட விஷயமா அது?

2014-ல் சான்றிதழ் வந்தது. பாடம் இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நியாயம்தான். கல்லூரிகள் கிரெடிட்டுக்காகப் பிள்ளைகளை இதில் பிடித்துத் தள்ளியதும்தான் கூத்து ஆரம்பம் என்பேன். வாராந்திர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறதே! கெடு முடிகிற ராத்திரி யூடியூபில் தேடிப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஏ, அடுத்ததுக்கு சி என்று விடையை மட்டும் வாசிக்கும் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். பாட வீடியோவைத் திறக்காமலே 25-ம் வாங்கிவிடலாம். மீதி 75 தேர்வறையில். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.