தூங்குடா ராஜா!

கும்பகர்ணனை எழுப்ப யானைகளை விட்டார்களாம். என் லினக்ஸ் லேப்டாப் விஷயம் நேரெதிர். மூடிப் பையில் போட்டாலும் தூங்காது. பஸ்ஸை விட்டு இறங்கி எடுத்தால் தோசைக்கல் சூடு. 80 சதவீத பாட்டரி 12 ஆகியிருக்கும். கட்டுரை போனால்தான் ஸார் செக் வரும்!

விசாரித்ததில், இந்தத் தூக்கத்தில் 2 ரகம். 'டீப்' என்பது நிஜத் தூக்கம். மெமரிக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அநேகமாக அணைந்துவிடும். 'எஸ்-டு-ஐடில்' வாட்ச்மேன் தூக்கம். கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். 'சிஸ்', அதற்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற ஃபைலைப் படித்தால், எது நடப்பில் என்று சதுர அடைப்புக்குறி போட்டுக் காட்டும். என்னுடையது வாட்ச்மேன்.

ரூட்டாக நுழைந்து அதில் 'டீப்' என்று எழுதினேன். (சில புது மாடல்களில் அந்த வார்த்தையே இருக்காது, பாவம்.) ரீபூட் செய்தால் மறந்துவிடுமே? கெர்னல் கிளம்பும் வரியிலேயே 'மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்' சேர்த்து டீப்பை நிரந்தரமாக்கியாச்சு.

நேற்று ராத்திரி 11-க்கு மூடி, காலை 6-க்குத் திறந்தேன். 3 சதவீதம்தான் குறைந்திருந்தது. வைஃபை மட்டும் எழுந்திருக்கவில்லை. டிரைவரைக் கழற்றி மாட்டி, அதையும் எழுப்பித்தான் இதை அனுப்புகிறேன்.