தானா முளைச்சது

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பல வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்தவர் உள்ளே வராம அங்கேயே நின்னுட்டு, "என்ன சார், வீட்டை யாருக்காவது வித்துட்டீங்களா?"ன்னார். ஏன்னு கேட்டா, "இல்ல... தோட்டம்..."ன்னு இழுக்கிறார்.

அவர் பார்த்திருந்தது அப்பாவோட தோட்டம். தாம்பரம் தாண்டி எங்க வீடு. முன்பக்கம் அரை கிரவுண்டு இடம். அப்பா கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவர். தோட்டத்தையும் பேரேடு மாதிரிதான் வச்சிருந்தார். நடுவுல கொரியன் புல்தரை, சுத்தி செங்கல்லைச் சாய்ச்சு நட்டு ஒண்ணு வெள்ளை ஒண்ணு காவின்னு பெயிண்ட், அதுக்குப் பின்னால வரிசையா குரோட்டன்ஸ், ஒட்டு ரோஜா ஏழு. ரெண்டு ரோஜாவுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு டேப் வச்சு அளந்தவர். சாயங்காலம் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத களையை எல்லாம் தேடித்தேடிப் பிடுங்குவார்.

2018ல அப்பா போயிட்டார். கடைசி ரெண்டு மாசம் படுக்கையில இருந்தப்போ அவர் கேட்டது ஒரே கேள்விதான். "புல்லுக்குத் தண்ணி விட்டாச்சா?"

அதனாலயே அந்தப் புல்லை உயிரோட வச்சிருக்கணும்னு எனக்கு ஒரு பிடிவாதம். அப்புறம் வந்தது 2019 கோடை. சென்னையில இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏரி எல்லாம் வறண்டு, தண்ணி லாரிக்கு ராத்திரி முழிச்சிருந்த வருஷம். எங்க போர்ல காத்துதான் வந்துச்சு. அப்பவும் நான் ரெண்டு பக்கெட் லாரித் தண்ணியைப் புல்லுக்கு ஊத்திட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில பொண்ணு குளிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கறான்னு கத்தினேன். தலையில ஷாம்பு நுரையோட பாத்ரூம் கதவைத் திறந்து, "புல்லு குளிக்கலாம், நான் குளிக்கக் கூடாதாப்பா?"ன்னு கேட்டா பாருங்க. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அந்தப் பார்வையே போதுமா இருந்துச்சு.

அன்னிக்கு நிறுத்தினதுதான். மூணு வாரத்துல புல்தரை தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு. ஹால்ல மாட்டியிருந்த அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

ஐப்பசியில மழை வந்துச்சு. புது புல்லு பதிக்க ஆள் கிடைக்கட்டும்னு அப்படியே விட்டு வச்சேன். சோம்பேறித்தனம்னு வச்சுக்குங்களேன் :-) அந்த இடைவெளியில மண்ணு தன் வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுது. குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, பருப்புக்கீரை, பேர் தெரியாத நாலஞ்சு. குருவி போட்ட விதையில மணத்தக்காளி. காய்கறிக் கழிவைக் கொட்டின மூலையில தக்காளியும் ஒரு பரங்கிக் கொடியும். எனக்கு அது எல்லாமே "களை". ஒரு ஞாயித்துக்கிழமை களைக்கொத்தியோட இறங்கிட்டேன்.

"டேய், அதை ஏன்டா பிடுங்கறே?"ன்னு பின்னால அம்மா குரல். முந்தானையை மடியாக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொண்ணா பேர் சொல்ல ஆரம்பிச்சாங்க. இது குப்பைக்கீரை, கடைஞ்சா நல்லா இருக்கும். இது மூக்கிரட்டை, துவையலுக்கு. இதைத் தொடாதே, இது ஒண்ணும் உதவாது. அன்னிக்கு மதியம் அந்தக் கீரைதான் மசியல். சாப்பிட்டுட்டு இருக்கும்போது, ரொம்ப சாதாரணமா, மோர் ஊத்திக்கிட்டே சொன்னாங்க.

"இருபத்தஞ்சு வருஷத்துல அந்தப் புல்லு மேல நான் ஒரு நாள் கால் வச்சதில்லைடா. உங்கப்பா கத்துவார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

எனக்குச் சாதம் தொண்டையில நின்னுடுச்சு. அப்பா அம்மா ரெண்டு பேருக்காகவும்னு நினைச்சுத்தானே ரெண்டு பக்கெட் ஊத்தினேன்! ஒரு தடவை துவைக்கிற கல்லு பக்கத்துல மணத்தக்காளி வந்துச்சாம், இது மட்டும் இருக்கட்டுமேன்னு அம்மா கேட்டிருக்காங்க. மறுநாள் பார்த்தா பிடுங்கியாச்சாம். "ஆனா தினம் காலையில முதல் ரோஜாவை எனக்குத்தான் கொண்டு வந்து குடுப்பார்"னு அதையும் சேர்த்துச் சொன்னாங்க. எழுந்து தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

புல்லு பதிக்கிற ஆளுக்கு அதுக்கப்புறம் நான் போன் பண்ணலை.

இதையெல்லாம் பார்த்துட்டு நண்பன் ஒருத்தன் புகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைக் கையில குடுத்தான். ஜப்பான்ல 1975ல வந்த புத்தகம். எதுவும் செய்யாதேன்னு சொல்ற ஆசாமின்னு கேள்விப்பட்டு, ஆஹா நமக்கேத்த குருன்னு சந்தோஷமாத் திறந்தேன். உள்ளே பார்த்தா, அவரும் இளம் வயசுல அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்தை அப்படியே கவாத்து பண்ணாம விட்டிருக்கார். கிளை கிளையோட பின்னி, பூச்சி விழுந்து, தோட்டமே போயிடுச்சு. கைவிடறது வேற, இயற்கை விவசாயம் வேறன்னு அதுலதான் கத்துக்கிட்டாராம். கத்துக்குட்டியில ஆரம்பிச்சு குரு வரைக்கும் எல்லாரும் அப்பா தோட்டத்துலதான் கை வைக்கிறோம் போல.

அதனால நம்ம காட்டுக்கும் சில சட்டம் உண்டு. பார்த்தீனியம் தலைகாட்டினா பூ விடறதுக்கு முன்னாலயே கையுறை போட்டுப் பிடுங்கிடறேன். அதுல கருணையே கிடையாது, அரிப்பும் தும்மலும் பட்டவனுக்குத்தான் தெரியும். எங்கேயும் தண்ணி தேங்க விடறதில்லை. டெங்கு கொசுவுக்கு ஒரு தேங்கா சிரட்டைத் தண்ணியும் ஒரு வாரமும் போதும். காய்ஞ்ச இலையை முன்னெல்லாம் கூட்டிக் கொளுத்துவோம். இப்போ எலுமிச்சை அடியில மூடாக்கா போட்டுடறோம். ரெண்டு நாள் தண்ணி விடலைன்னாலும் கையை விட்டா ஈரம் இருக்கு.

எலுமிச்சைன்னதும் ஞாபகம் வருது. அதோட இலையில பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும். அப்பா காலத்துல பார்த்தவுடனே மருந்து அடிச்சுடுவோம். இப்போ விட்டுப் பார்த்தோம். வளர்ந்து பச்சையாகி, கூட்டுப்புழுவா தொங்கி, ஒரு நாள் காலையில கறுப்பும் வெளிர்மஞ்சளுமா பட்டாம்பூச்சி. பொண்ணு ஸ்கூல் பஸ்ஸைத் தவற விட்டா. செடிக்குக் கொஞ்சம் இலை போச்சு, அவ்வளவுதான்.

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. ஒரு நாள் மத்தியானம் பரங்கிக் கொடிக்குள்ளேர்ந்து ஆறடிக்கு ஒரு சாரைப்பாம்பு நிதானமா கிளம்பி மதில் ஏறிப் போச்சு. விஷம் இல்லை, எலியைத்தான் தின்னும்னு நான் சொன்னதைப் பக்கத்து வீட்டு மாமி காதுலயே வாங்கலை. "உங்க மாமனார் இருந்தப்போ எப்படி இருந்த இடம்!"னு தங்கமணிகிட்ட ஒரு பாட்டம் அழுதுட்டுப் போனாங்க. அவங்க பயமும் நியாயம்தானே, அடுத்த தடவை சாரையா இருக்கணும்னு என்ன கட்டாயம்? அதனால வீட்டுச் சுவரை ஒட்டியும் அவங்க மதிலை ஒட்டியும் மூணடி அகலத்துக்குச் சுத்தமா வெட்டி வச்சிருக்கேன். செங்கல், விறகுக் குவியல் எதுவும் கிடையாது. மாமிக்கும் வாரம் ஒரு கட்டு கீரை போகுது. பேச்சுவார்த்தை சுமுகம்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது. முட்டி வலின்னு மாடிக்கு வர மாட்டாங்க, ஆனா காலையில ஆறரைக்கு வெளியில இருப்பாங்க. மணத்தக்காளிக் காயைப் பறிச்சு, உப்பு மோர்ல ஊறப் போட்டு, முறத்துல காய வச்சு வத்தல் எடுக்கறாங்க. போன வாரம் வந்த நண்பரும் ஒரு பாட்டில் வாங்கிட்டுத்தான் போனார். அதுக்கப்புறம் தோட்டத்தைப் பத்தி அவர் வாயே திறக்கலை.

அப்பாவோட ஏழு ரோஜாவுல ஆறு போச்சு. ஏழாவதுல ஒட்டுக்கு மேல எல்லாம் பட்டுப்போய், அடியில இருக்கிற காட்டு ரோஜா மட்டும் தழைஞ்சு நிக்குது. இந்த அடித்தளிரைத்தான் அப்பா வாராவாரம் பிளேடு வச்சு வழிச்சு எடுப்பார். இதுல ஒரு பூ கிடையாது. வெறும் இலையும் முள்ளும்தான். "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, பிடுங்கிட்டு அங்க ஒரு முருங்கை போத்து நடுடா"ன்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க.

நடறேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் நடலை.