ஃபார்மட் போடுமுன் ஒரு நிமிடம்!



பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் படிக்கிறோம். சுட்ட ஜாடி விரிசல் விட்டால் சூளையையா இடிக்கிறோம்? மண்கலவையா, காய்ந்த பதமா, ஏற்றிய சூடா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறோம். கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் ஏறவில்லை என்றால் மட்டும் உடனே "ஃபார்மட் போடுப்பா" என்கிறோமே, ஏன்?

என் அறை நண்பனிடம் அவன் அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப். அதில் பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கி, 2007-ல் வெளிவந்தது. பேட்டரி செத்த மெஷின். இன்ஸ்டாலேஷன் பாதியில் கரண்ட் போச்சு. அப்புறம் எந்தப் பேக்கேஜும் ஏறவில்லை. கடையில் ஃபார்மட்டுக்கு நாலு நாள் கேட்டார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கோ இரண்டே நாள்!

ஸ்கிரீனில் வந்த இங்கிலீஷை இருவரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். மருந்தே அதில்தான் இருந்தது. 'டிபிகேஜி' பாதியில் நின்றுவிட்டது, 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடு என்றது. கொடுத்தோம். விட்ட வேலையை அதுவே முடித்தது. விடுபட்ட துணைப் பேக்கேஜ்களை 'சுடோ ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்' கொண்டு வந்தது. நண்பன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

எல்லா நோய்க்கும் இதே மருந்து அல்ல. டிஸ்க் நிறைந்திருந்தால் 'டிஎஃப் -ஹெச்' காட்டிக்கொடுக்கும். வேறொரு இன்ஸ்டாலேஷன் பின்னால் ஓடினால், முடியும்வரை பொறுங்கள். பிழைகள் வரிசையாய் வந்தால் முதல் பிழையைப் படிங்க. மற்றவை பெரும்பாலும் அதன் வால்கள்தான். இங்கிலீஷ் என்று கண்ணை மூடாதீங்க, டிக்‌ஷனரி வைத்தாவது படிங்க.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் மெஷின் நின்றால், "ஏன் நின்றது?" என்றுதான் நம்மைக் கேட்பார்கள். பதில் சொல்ல இப்போதே பழகுவோம்!